சந்திரா அரை ஆர்க் செகண்ட், ஆக்சிஸ் ஒன்றரை: இதுக்குப் பேர் முன்னேற்றமா?

சூரமங்கலம், 11.1.2025

சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி 1999 ஜூலையில் போனது. கூர்மை அரை ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினா ஒண்ணு; எண் குறைஞ்சா கூர்மை கூடும்). இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு 2024-ல் நாசா ஆய்வுக்கு எடுத்த ஆக்சிஸ் எக்ஸ்ரே தொலைநோக்கித் திட்டத்துக்குச் சுமார் ஒன்றரை ஆர்க் செகண்ட்னு போட்டிருக்காங்க. மூணு மடங்கு மங்கல். செலவு வரம்பு நூறு கோடி டாலர், ராக்கெட் தனி. இதையும் உயர் தெளிவுன்னு சொல்றாங்க. விவரம் தெரிஞ்சவங்க விளக்குங்க.

கஞ்சமலை, 11.1.2025

அந்த அரை ஆர்க் செகண்ட் படத்தோட நட்டநடுவுல மட்டும்தான் கிடைக்கும். மையத்திலிருந்து ஓரிரு ஆர்க் மினிட் (60 ஆர்க் செகண்ட் ஒரு ஆர்க் மினிட்) தள்ளினாலே சந்திராவில் புள்ளி பரவ ஆரம்பிக்குது. 10 ஆர்க் மினிட் தள்ளினா பல ஆர்க் செகண்ட் அகலத்துக்குக் கறை மாதிரி ஆயிடும்.

காரணம் மிரரோட வடிவம். எக்ஸ்ரேயை நேருக்கு நேர் திருப்ப முடியாது, உரசிப் போற கோணத்துல மட்டும்தான் எதிரொளிக்கும். அதனால முதல்ல ஒரு பரவளையக் குழாய், அடுத்து ஒரு அதிபரவளையக் குழாய், ரெண்டிலும் ஒரு தடவை பட்டுக் குவியணும். 1952-ல் வோல்ட்டர் கொடுத்த வடிவம். அச்சுக்கு நேரா வர்ற கதிருக்கு இது கச்சிதம். சாய்ஞ்சு வர்ற கதிருக்கு ரெண்டு பரப்பும் ஒத்துப்போகாது, மிரர் நீளமாக ஆக இது மோசமாகும். சந்திராவோட ஒவ்வொரு மிரரும் 83 செ.மீ. நீளம். ஆக்சிஸ்ல சுமார் 10 செ.மீ. துண்டுகள். அதனால 24 ஆர்க் மினிட் விட்டம் முழுக்க கிட்டத்தட்ட ஒரே கூர்மை நிக்கும்.

அடுத்தது பரப்பு. சந்திரா மிரரோட பயன்படு பரப்பு, அதாவது நிஜமா எக்ஸ்ரேயை அள்ளற பரப்பு, 0.25 கிலோ எலக்ட்ரான் வோல்ட்ல (எக்ஸ்ரேயோட ஆற்றல் அளவு, இனி கேஇவி) 800 சதுர செ.மீ., 5 கேஇவி-ல 400. டிடெக்டருக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டர்ல வருஷக்கணக்கா படிஞ்ச அழுக்கால மென் (ஆற்றல் குறைஞ்ச) எக்ஸ்ரேயில் இப்ப கைக்கு வர்றது இன்னும் குறைவு. ஆக்சிஸ் கேட்கிறது 1 கேஇவி-ல 4,200, 6 கேஇவி-ல 830.

சூரமங்கலம், 11.1.2025

பரப்பு கூடினா வெளிச்சம் கூடும், ஒத்துக்கறேன். மங்கலான படத்துல வெளிச்சம் கூடி என்ன புண்ணியம்?

கஞ்சமலை, 12.1.2025

எவ்வளவு மங்கல் தாங்கும்னு கணக்குப் போட்டுப் பாத்துடலாம். மங்கலான புள்ளிகளைத் தனித்தனியாப் பிரிக்கணும்னா, ஒரு புள்ளிக்குப் படப்புள்ளி அளவுல சுமார் 40 வட்டம் இடம் வேணும்னு ஒரு கை விதி உண்டு. அதுக்குக் கீழ போனா புள்ளிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும், எத்தனை நாள் பார்த்தாலும் புதுசா எதுவும் கிடைக்காது.

ஒரு சதுர டிகிரின்னா 1 கோடியே 29 லட்சத்து 60 ஆயிரம் சதுர ஆர்க் செகண்ட். விட்டம் 1.5 ஆர்க் செகண்ட்னா வட்டத்தோட பரப்பு 1.77. நாற்பது மடங்கு 71. வகுத்தா சதுர டிகிரிக்கு 1 லட்சத்து 83 ஆயிரம் புள்ளி வரைக்கும் பிரிக்கலாம். இதே கணக்குல 9 ஆர்க் செகண்ட்னா, ஐரோப்பாவோட நியூஅதீனா எக்ஸ்ரே தொலைநோக்கித் திட்டம் குறிவைக்கிற அளவு அது, சுமார் 5,000 புள்ளியோட நெரிசல். 0.5 ஆர்க் செகண்ட்னா 16 லட்சத்துக்கு மேல.

இப்ப வானத்துல என்ன இருக்குன்னு பாருங்க. சந்திரா தென் ஆழ்புலத்தை (தென் வானத்துல ஒரு சின்னத் துண்டு) மொத்தம் 70 லட்சம் வினாடி, அதாவது 81 நாள், வெறிச்சுப் பார்த்தது. அங்கே நடுப்பகுதியில் கிடைச்ச அடர்த்தி சதுர டிகிரிக்குச் சுமார் 50 ஆயிரம். 9 ஆர்க் செகண்ட் தொலைநோக்கியால அந்த ஆழத்தைத் தொடவே முடியாது. 1.5-ல தொடலாம், அதைத் தாண்டியும் மூணு மடங்கு இடம் இருக்கு. 0.5 வச்சிருந்தும் சந்திரா அந்த 16 லட்சத்துக்கிட்ட போகலை, ஏன்னா போட்டான் (ஒளித்துகள்) பத்தலை. கூர்மை மிச்சம், வெளிச்சம் பாக்கி. ஆக்சிஸ் அந்த மிச்சத்துல கொஞ்சத்தைக் கொடுத்து பாக்கியை அடைக்குது.

சூரமங்கலம், 12.1.2025

அப்ப எஸ்என் 1987ஏ, அந்த வெடிச்ச நட்சத்திரம் (சூப்பர்நோவா)? எஸ்என் 1987ஏ வளையம் குறுக்கே ரெண்டு ஆர்க் செகண்டுக்குள்ள. ஒன்றரையில் அது வெறும் பொட்டு.

கஞ்சமலை, 12.1.2025

ஆமா, பொட்டுதான். எம்87 விண்மீன் மண்டலத்திலிருந்து பீய்ச்சற தாரையோட முடிச்சுகளுக்கும் அதே கதி. அந்த வேலைக்குச் சந்திராவுக்கு மாற்று இந்தத் திட்டத்துல இல்லை. ஆழமான கணக்கெடுப்பு வேற, ஒரே பொருளைக் கிட்டத்துல உத்துப் பாக்கறது வேற.

ஏற்காடு, 14.1.2025

பொங்கல் வாழ்த்து. சேர்வராயன் கோயில் மலை 1,600 மீட்டருக்கு மேல இருக்கு. சின்னதா ஒரு எக்ஸ்ரே தொலைநோக்கியை இங்கே வச்சா? முடியாதுன்னு தெரியும், எத்தனை தூரம் முடியாதுன்னு எண் வேணும்.

கஞ்சமலை, 14.1.2025

தரைமட்டக் காத்துல 1 கேஇவி எக்ஸ்ரே சராசரியா 2.3 மில்லிமீட்டர் போகும், அதோட சரி. 6 கேஇவி-னா 36 செ.மீ. மலை மேல காத்து சுமார் 15 சதவீதம் லேசு, அதனால 2.3 மி.மீ. 2.7 ஆகும். ஏற்காடு ஏறினதுக்கு லாபம் அரை மில்லிமீட்டர் கூட இல்லை. பஸ் டிக்கெட்டுக்குக் கட்டாது.

பலூன்ல 40 கி.மீ. போனாலும் மேல ஒரு சதுர செ.மீ.க்கு 3 கிராம் காத்து பாக்கி நிக்கும், 20, 30 கேஇவி-க்கு மேலதான் ஏதாவது தெரியும். அதனாலதான் 18.6.1962-ல் ஜியாக்கோனி குழு ராக்கெட்லயே ஏத்தி அஞ்சு நிமிஷத்துல ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1-ங்கற எக்ஸ்ரே மூலத்தைப் பிடிச்சாங்க.

ஏற்காடு லேடீஸ் சீட் பார்வை முனையில் நின்னு அரை ஆர்க் செகண்ட் எவ்வளவுன்னு நினைச்சுப் பாக்கலாம். நேர்கோட்டில் 10 கி.மீ. தள்ளி, கீழே சேலம் டவுன்ல, ஒரு அஞ்சு ரூபா காசை நிமிர்த்தி வச்சா அது தெரியற அகலம்தான். சந்திராவோட குவிதூரம் 10 மீட்டர்ங்கறதால அதே கோணம் டிடெக்டர்ல 24 மைக்ரான். சிசிடி-யோட (படம் பதியற சில்லு) ஒரு பிக்சலும் 24 மைக்ரான்தான்.

அஸ்தம்பட்டி, 18.1.2025

நியூட்டோனியன் தொலைநோக்கிக்கு மிரர் தேய்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அலைநீளம் 550 நானோமீட்டர், மேற்பரப்புப் பிழை எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். 1 கேஇவி எக்ஸ்ரேக்கு அலைநீளம் 1.24 நானோமீட்டர். எட்டில் ஒரு பங்கு என்றால் அணுவை விடச் சிறியது. இதை எப்படித் தேய்க்கிறார்கள்?

கஞ்சமலை, 18.1.2025

உரசற கோணம் காப்பாத்துதுங்க அண்ணா. மேடு h உயரம்னா பாதை வித்தியாசம் 2h பெருக்கல் கோணத்தோட சைன். சந்திராவோட வெளி மிரர்ல கோணம் 0.86 டிகிரி, சைன் 0.015. பிழை 67-ல ஒரு பங்கா சுருங்கிடுது.

அந்தக் கோணம் எங்கிருந்து வருதுன்னா, ரெண்டு எதிரொளிப்புல கதிர் மொத்தம் கோணத்தைப் போல நாலு மடங்கு திரும்பும். ஆரம் 0.6 மீ., குவிதூரம் 10 மீ., 3.43 டிகிரி. நாலால் வகுத்தா 0.86.

ஆனா தேய்க்கறவங்க ரெண்டு பிழையைத் தனித்தனியாப் பாக்கணும். நீளமான பிழை, அதாவது சரிவு. மிரர் ஒரு பங்கு சாய்ஞ்சா கதிர் ரெண்டு பங்கு சாயும், அதனால அரை ஆர்க் செகண்ட் வேணும்னா சரிவுப் பிழை கால் ஆர்க் செகண்டுக்குள்ள. குட்டையான பிழை, அதாவது சொரசொரப்பு. இது படத்தைச் சுத்திப் புகை மூட்டம் போடும். 6 கேஇவி, 0.7 டிகிரின்னு வச்சுக் கணக்குப் போட்டா, சொரசொரப்பு 0.3 நானோமீட்டர்ல ஒவ்வொரு எதிரொளிப்புக்கும் 5 சதவீதம் சிதறும். 1 நானோமீட்டர்ல 42 சதவீதம். ரெண்டு தடவை எதிரொளிச்சா கூர்மையான புள்ளியில் மிஞ்சறது மூணுல ஒரு பங்கு. படத்தோட அகலத்தை மட்டும் பாத்து மிரரை மெச்சக் கூடாது.

அஸ்தம்பட்டி, 19.1.2025

சரிவு, சொரசொரப்பு என்று பிரித்தது சரி. அப்படியானால் சந்திராவைப் போலவே தடித்த கண்ணாடியைத் தேய்த்துப் பெரிதாக ஒன்று செய்வதில் என்ன தடை?

கஞ்சமலை, 19.1.2025

எடை. சந்திராவில் நாலு ஜோடி செரோடூர் (சூட்டுக்கு அதிகம் விரியாத கண்ணாடி) மிரர், வெளி விட்டம் 1.2 மீ., உள்ள இரிடியம் பூச்சு. கண்ணாடி மட்டும் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. முதல்ல ஆறு ஜோடி போடறதா இருந்து, 1992-ல் செலவைக் குறைக்க நாலா வெட்டினாங்க. குழாயோட சுவர் தடிமனா இருந்தா அது தன் பின்னாடி வர்ற வெளிச்சத்தை மறைக்கவும் செய்யும். வாய்ப்பக்கம் பாத்தா மெல்லிய வளையங்களா மட்டும்தான் வெளிச்சம் உள்ளே போகுது.

ஐரோப்பாவோட எக்ஸ்எம்எம்-நியூட்டன் எக்ஸ்ரே தொலைநோக்கி எதிர்த்திசையில் போச்சு. ஒரு தொலைநோக்கிக்கு 58 கூடு (ஒண்ணுக்குள்ள ஒண்ணா மிரர் குழாய்), மூணு தொலைநோக்கி, சுவர் 0.47-லிருந்து 1.07 மி.மீ. பரப்பு அள்ளிக்கிட்டு வந்துச்சு, கூர்மை 15 ஆர்க் செகண்டுக்கு விழுந்துச்சு. நாசாவோட நூஸ்டார் இன்னும் மெலிசு, 0.2 மி.மீ. கண்ணாடித் தாள், ஒரு மாட்யூலுக்கு 133 கூடு, பாதி வெளிச்சம் அடங்கற விட்டம் ஒரு ஆர்க் மினிட்டுக்குக் கிட்ட. நம்ம ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள்ல போன எஸ்எக்ஸ்டி எக்ஸ்ரே தொலைநோக்கி, மும்பை டாடா ஆய்வு நிறுவனத்துல (டிஐஎஃப்ஆர்) செஞ்ச தங்கம் பூசின அலுமினியத் தகடு, 40 கூடு, 2 மீட்டர் குவிதூரம். அது நிறமாலைக்குன்னு செஞ்சது, கூர்மை ஆர்க் மினிட் கணக்கு.

தடிமன்னா கூர்மை, மெலிசுன்னா பரப்பு. முப்பது வருஷமா இந்த ரெண்டுல ஒண்ணுதான். புதுத் திட்டங்கள் எல்லாமே மெலிசாவும் இருக்கணும், கூர்மையாவும் இருக்கணும்னு கேக்குது. 20 மி.மீ.-லிருந்து அரை மி.மீ.க்கு வந்தா விறைப்பு தடிமனோட மும்மடியில் விழும், 64,000 மடங்கு.

அஸ்தம்பட்டி, 20.1.2025

64,000 என்பது விறைப்புக்குச் சரி, தொய்வுக்குச் சரியில்லை. தகடு மெலிந்தால் அதன் எடையும் 40 மடங்கு குறையும். சொந்த எடையில் தொய்வது இருமடியில்தான் போகும், 1,600 மடங்கு. நீளமும் 83 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. ஆகிறது, தொய்வு நீளத்தின் நான்மடி. அதையும் சேர்த்தால் துண்டு மிரர் தன் எடையில் தொய்வது பெரிய பிரச்சினையே இல்லை. பிடிக்கும் கையும் பூசும் பூச்சும் ஒட்டும் பசையும்தான் பிரச்சினை, ஏனென்றால் அவை தரும் விசை எடையோடு சேர்ந்து குறையாது.

கஞ்சமலை, 20.1.2025

இதுதான் விஷயம். மேல இருக்கிற 64,000-ஐ பூச்சு, பசை ரெண்டுக்கு மட்டும் எடுத்துக்குங்க.

பூச்சுக்கு எண் போட்டுப் பாருங்க. 20 நானோமீட்டர் இரிடியம், அதுல 2 கிகாபாஸ்கல் இறுக்கம்னு வச்சுக்குவோம். அரை மி.மீ. சிலிக்கான் தகடு, 10 செ.மீ. நீளம். தட்டைத் தகட்டுக்கான ஸ்டோனி சமன்பாட்டில் போட்டா நடுவுல சுமார் 6.7 மைக்ரான் வளையும், ஓரத்துல சரிவு 55 ஆர்க் செகண்ட். வேண்டியது கால் ஆர்க் செகண்ட். குழாய் வளைவு இருக்கிறதால நிஜத்துல இவ்வளவு வளையாது, ஆனாலும் பூச்சைப் பூசிட்டு அப்படியே மாட்டினா வேலைக்கு ஆகாது. பின்பக்கம் சிலிக்கான் டை ஆக்சைடு படலம் வச்சு எதிர் இழுவை கொடுக்கறாங்க. ரெண்டு பக்கமும் சமன் ஆகற வரைக்கும் அளந்து அளந்துதான் போகணும்.

சூரமங்கலம், 20.1.2025

செவ்வாய்ப்பேட்டையில கொலுசுக்கு முலாம் போடறவங்ககிட்ட குடுத்துடலாமே.

கஞ்சமலை, 20.1.2025

நக்கலுக்குச் சொன்னாலும் எக்ஸ்எம்எம் மிரர் முலாம் வேலையில்தான் பொறந்துச்சு. அலுமினிய அச்சு, மேல நிக்கல் பூசி மினுமினுன்னு மெருகேத்துவாங்க. அதுமேல தங்கம் ஆவியாப் படியவிட்டு, அப்புறம் மின்தொட்டியில் இறக்கி நிக்கலைத் தேவையான தடிமனுக்கு வளர்ப்பாங்க. குளிர வச்சா அலுமினியம் நிக்கலை விட அதிகமா சுருங்கி, கூடு கழண்டு வரும். தங்கம் அச்சை விட்டுட்டு நிக்கலோட வந்துடும். தொட்டியில் நிக்கல் படியும்போது உள் இறுக்கம் தங்கிட்டா கழட்டினதும் வடிவம் போச்சு. 15 ஆர்க் செகண்ட் ஆனதுல அதுக்கும் பங்கு உண்டு. ஒரு விட்டத்துக்கு ஒரு அச்சு, 58 அச்சு. ஒரு தடவை செஞ்சுட்டா மூணு தொலைநோக்கிக்கும் அதுவே.

ஏற்காடு, 21.1.2025

சிலிக்கான் எதுக்கு? கண்ணாடி இல்லைன்னா நிக்கல், அது இல்லைன்னா சிலிக்கானா?

கஞ்சமலை, 22.1.2025

ஒற்றைப் படிகச் சிலிக்கானுக்குள்ள இறுக்கம் கிடையாது. கண்ணாடியையோ உலோகத்தையோ மெலிசா வெட்டினா உள்ளே அடங்கிக் கிடந்த இழுவை விடுபட்டு, போட்ட வடிவத்தை விட்டுத் துள்ளும். படிகத்துல அணுக்கள் எல்லாம் அதது இடத்துல இருக்கு, வெட்டினாலும் நிக்கும். அதோட வெப்பக்கடத்தல் கண்ணாடியைப் போல நூறு மடங்கு, அடர்த்தி 2.33. கம்ப்யூட்டர் சிப் தொழில் புண்ணியத்தில் நல்ல கட்டி காசு கொடுத்தா கிடைக்கும்.

நாசாவோட கோடார்டு மையத்துல செய்யற முறை இப்படி. சிலிக்கான் கட்டியோட மேல்பக்கத்தில் கூம்பு வடிவத்தைத் தோராயமா வெட்டணும். அந்த மேல்தோலை மட்டும் மெலிசா அறுத்து எடுக்கணும். அறுத்த இடத்துல படிகம் நொறுங்கி இருக்கும், அந்தச் சேதத்துக்குள்ள இறுக்கம் இருக்கும், தகடு அந்தப் பக்கமா வளையும். ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக், அசிட்டிக் அமிலக் கலவையில் போட்டு அந்தத் தோலைக் கரைச்சா வளைவு போயிடும். அப்புறம்தான் மெருகு. அமிலத்துல குறைவா விட்டா மெருகுக்கு அப்புறமும் தகடு மெல்ல வளைஞ்சுக்கிட்டே இருக்கும், அளந்த அளவு நாளைக்கு நிக்காது.

மெருகுல வர்ற கோளாறு அஸ்தம்பட்டி அண்ணாவுக்குப் பழக்கமானது.

அஸ்தம்பட்டி, 22.1.2025

விளிம்பு சரிவு. தேய்க்கும் கருவி (லேப்) மிரரின் ஓரத்தைத் தாண்டி வெளியே போகும்போது ஓரத்தில் அழுத்தம் கூடி அங்கே அதிகம் தேயும். கையால் தேய்ப்பவர்கள் வீச்சைக் குறைத்துச் சமாளிப்பார்கள், அல்லது கெட்ட ஓரத்தைக் கறுப்படித்து மறைப்பார்கள். உரசல் மிரரில் மறைத்தால் பரப்பு போய்விடும்.

கஞ்சமலை, 22.1.2025

அதுக்குத்தான் தேவைக்கு மேல பெருசா செஞ்சு, மெருகேத்தி முடிச்சபிறகு ஓரத்தை அறுத்துத் தள்ளிடறாங்க. கண்ணாடியில் இது நடக்காது, அறுத்ததும் வடிவம் துள்ளும். சிலிக்கான்ல நடக்கும். அறுத்த ஓரத்தை மறுபடி அமிலத்துல சுத்தம் பண்ணணும், இல்லைன்னா ஓரத்துச் சேதமே தகட்டை முறுக்கும்.

அப்புறம் அயனிக்கற்றை. அளந்து பாத்து, எங்கே மேடோ அங்கே அதிக நேரம் நிக்கிற மாதிரி ஓட்டினா மேடு அணு அணுவாச் செதுக்கப்படும். கற்றையோட அகலத்தை விடக் குட்டையான பிழையை இது தொடாது. அதனால சொரசொரப்பை மெருகுலயே முடிச்சிருக்கணும். வரிசையை மாத்தினா ரெண்டும் கெடும்.

சூரமங்கலம், 23.1.2025

இப்படி எத்தனை துண்டு?

கஞ்சமலை, 23.1.2025

2019-ல் வந்த, லிங்க்ஸ்ங்கற பெரிய எக்ஸ்ரே தொலைநோக்கித் திட்டத்தோட அறிக்கையில் 37,492. மூணு மீட்டர் விட்டம், 10 மீட்டர் குவிதூரம், 1 கேஇவி-ல 2 சதுர மீட்டர் பரப்பு, மையத்துல 0.5 ஆர்க் செகண்ட். நீங்க கேட்ட முன்னேற்றம் அச்சு அசலா அதுதான். நாளைக்கு 20 துண்டு, வருஷத்துக்கு 300 நாள் வேலைன்னா ஆறு வருஷத்துக்கு மேல தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், பத்துக்கு ஒண்ணு கழிஞ்சா இன்னும் எட்டு மாசம்.

2021 நவம்பர்ல வந்த அமெரிக்க வானியல் பத்தாண்டுத் திட்ட அறிக்கை முதல் இடத்தை 6 மீட்டர் ஒளியியல் தொலைநோக்கிக்குக் கொடுத்து, எக்ஸ்ரேக்கும் தொலை அகச்சிவப்புக்கும் நடுத்தரச் செலவுத் திட்டம் ஒண்ணை வைக்கச் சொல்லுச்சு. 2024 அக்டோபர்ல ஆக்சிஸும், அகச்சிவப்புக்காரங்களோட பிரைமாவும் தேர்வாச்சு. ஆளுக்கு 50 லட்சம் டாலர், ஒரு வருஷ ஆய்வு. 2026-ல் ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து 2032-ல் ஏவறதா திட்டம். லிங்க்ஸோட மிரர் தொழில்நுட்பம்தான் ஆக்சிஸ்ல சின்ன அளவுல போகுது.

லிங்க்ஸோட வெளிக்கூட்டில் இன்னொரு சங்கதி. ஆரம் 1.5 மீ., நாலால் வகுத்தா 2.1 டிகிரி. இரிடியம் அந்தக் கோணத்துல 2 கேஇவி-க்கு மேல எதிரொளிக்கறதை விட்டுடும். 6 கேஇவி-க்கு எல்லைக் கோணம் 0.7 டிகிரிதான். 6 கேஇவி-க்குக் கிட்ட வர்ற இரும்போட நிறமாலைக் கோட்டைப் பாக்க வெளிக்கூடுகள் உதவாது, உள்கூடுகள்தான். ஒவ்வொரு திட்டத்துலயும் 1 கேஇவி பரப்பை விளம்பரம் பண்ணிட்டு 6 கேஇவி பரப்பைச் சின்ன எழுத்துல போடறது இதனாலதான்.

அஸ்தம்பட்டி, 26.1.2025

மாட்டுவது எப்படி? மூன்று புள்ளியில் தாங்குவதுதான் மிரருக்கு வழக்கம். இதில் நான்கு தூண் என்று படித்தேன். நான்காவது தூண் மிரரை முறுக்காதா?

கஞ்சமலை, 26.1.2025

தட்டையான மிரருக்கு மூணு. வளைஞ்ச குழாய்த் துண்டை நாலு தூண்மேல வச்சா ஆடாம உக்காரும், ஏன்னா அதுக்குத் திரும்பவும் நகரவும் ரெண்டு வழி மிச்சம் இருக்கு: அச்சைச் சுத்தித் திரும்பறது, அச்சு வழியே நகர்றது. ரெண்டும் படத்தைப் பெருசா பாதிக்காது. முறுக்கில்லாம நாலும் தொடும்.

தூண் உயரத்துலதான் உயிர் போகும். அச்சு வாட்டத்துல ரெண்டு தூணுக்கு 60 மி.மீ. இடைவெளின்னா, ஒண்ணு 0.1 மைக்ரான் உசந்தா மிரர் 0.34 ஆர்க் செகண்ட் சாயும், கதிர் 0.69. அப்ப அரை ஆர்க் செகண்டுக்கு உயரம் சில பத்து நானோமீட்டருக்குள்ள வரணும். தூசி ஒண்ணு நடுவுல மாட்டினா கதை முடிஞ்சது. வச்சபிறகு மெல்ல அதிர விடறாங்க, உரசல் விட்டு மிரர் தானா உக்காரும். அப்புறம் பசை. பசை காயும்போது சுருங்கும், அதனால மெல்லிசா, நாலுக்கும் ஒரே அளவா.

தாங்கற சட்டமும் சிலிக்கானா இருக்கணும். டைட்டானியம் போட்டா, டிகிரிக்கு 10 செ.மீ.ல 0.6 மைக்ரான் வித்தியாசம் வரும்.

ஏற்காடு, 28.1.2025

பூமிக்குக் கிட்ட சுத்தினா ஒன்றரை மணிக்கு ஒரு தடவை வெயில், நிழல். அந்த டிகிரிக் கணக்கு அங்கே உதைக்காதா?

கஞ்சமலை, 29.1.2025

உதைக்கும். மிரருக்கு முன்னாடி ஹீட்டர் வச்ச தடுப்புத் தகடுகள், அறை வெப்பத்துலயே பிடிச்சு வைக்கணும். சந்திரா 64 மணி நேரச் சுத்துல தொலைவா போறதால அதுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஒரே பொருளை இடைவிடாம பாக்கவும் முடியும். ஆக்சிஸ்ல ஒவ்வொரு சுத்துலயும் பூமி மறைக்கும்.

இருந்தும் தாழ்வட்டப் பாதையை எடுத்தாங்க, நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட, சாய்வு கம்மியா. காந்தப்புலம் மூடியா இருக்கும், துகள் இரைச்சல் குறையும். 1999-ல் சந்திராவுக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும். கதிர்வீச்சுப் பட்டையைக் கடக்கும்போது மெதுவான புரோட்டான்கள் மிரர்ல உரசி எக்ஸ்ரே மாதிரியே குவிஞ்சு சிசிடி-ல விழுந்துச்சு. முன்பக்கம் பாத்த சில்லுகளோட மின்னேற்றக் கடத்தல் கெட்டுப்போச்சு. அதுக்கப்புறம் பட்டையைக் கடக்கும்போதெல்லாம் சிசிடியைக் குவியத்தை விட்டு நகர்த்தி வைக்கறாங்க. நல்ல மிரர் நல்லதை மட்டும் குவிக்காது.

சூரமங்கலம், 30.1.2025

வட்டப்பாதை ஆடினா கூர்மை போகாதா? கேமரா ஆடின மாதிரி?

கஞ்சமலை, 30.1.2025

போகாது. இங்கே போட்டான் ஒண்ணொண்ணா வருது, ஒவ்வொண்ணுக்கும் நேரம் குறிக்கறாங்க. அந்த நொடியில் தொலைநோக்கி எங்கே பாத்துச்சுன்னு நட்சத்திரக் கேமரா சொல்லும், பின்னாடி கணக்குல திருத்திக்கலாம். சந்திராவை வேணும்னே 16 ஆர்க் செகண்ட் அகலத்துக்கு ஆட்டறாங்க, ஒரே பிக்சல் கெட்டிருந்தா அது படத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு.

கஷ்டம் வேற இடத்துல. சிசிடி ஒரு ஃபிரேம் (ஒரு தடவை படம்) எடுக்க சந்திராவில் 3.2 வினாடி. அதுக்குள்ள ஒரே இடத்துல ரெண்டு போட்டான் விழுந்தா, ரெண்டு மடங்கு ஆற்றல் உள்ள ஒண்ணுன்னு பதிவாகும். ஃபிரேமுக்குச் சராசரி 0.1 போட்டான்னா 5 சதவீதம் இப்படிக் கெடும், 1-னா 42 சதவீதம். பரப்பு பல மடங்கு கூடினா படிக்கிற வேகமும் பல மடங்கு கூடணும். புள்ளி கூர்மையாக ஆக இது மோசமாகும். இந்த ஒரு இடத்துல மட்டும் மங்கல் நம்ம பக்கம்.

அஸ்தம்பட்டி, 2.2.2025

ஏவும் முன் சோதனை?

கஞ்சமலை, 2.2.2025

அமெரிக்காவோட ஹன்ட்ஸ்வில்ல 518 மீட்டர் வெற்றிடக் குழாய் இருக்கு, சந்திராவைச் சோதிச்ச அதே இடம். 518 மீட்டரும் முடிவிலி இல்லைங்கறதால குவியம் தள்ளிப்போகும்: 10 மீட்டர் மிரருக்கு 19.7 செ.மீ., ஆக்சிஸோட 9 மீட்டருக்கு 15.9. டிடெக்டரை அங்கே நகர்த்தணும். விரியற கற்றை மிரர்ல படற கோணமும் கொஞ்சம் மாறும், முதல் மிரர்ல பட்ட கதிர்ல ஒரு பங்கு ரெண்டாவதைத் தவறவிடும், பரப்பை அளக்கும்போது அதைத் திருத்தணும். புவியீர்ப்பு வேற இழுக்கும். அங்கே கிடைக்கிற எண் வானத்துல கிடைக்கப் போறதில்லை, மாதிரிக் கணக்கு ரெண்டுக்கும் ஒத்துப்போகுதான்னு பாக்கறதுக்குத்தான் சோதனை.

ஏற்காடு, 5.2.2025

இடையில ஒண்ணு. எக்ஸ்ரிசம்ங்கற ஜப்பான் எக்ஸ்ரே செயற்கைக்கோள் போனது 2023-லதானே, அதுவும் உயர் தெளிவுன்னுதான் சொன்னாங்க?

கஞ்சமலை, 5.2.2025

அது ஆற்றலைப் பிரிக்கறதுல உயர் தெளிவு. 6 கேஇவி-ல 5 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசத்தைப் பிரிக்கும், சிசிடி-க்கு அதே இடத்துல 130-க்கு மேல. படம் 6-க்கு 6 பிக்சல்தான், 50 மில்லிகெல்வின்ல குளிர வச்சிருக்கு. டிடெக்டருக்கு முன்னாடி இருக்கிற கதவு திறக்காததால பெரிலியம் ஜன்னல் வழியாத்தான் பாக்குது, 1.7 கேஇவி-க்குக் கீழ அடைப்பு. ஆக்சிஸ்ல இந்த மாதிரிக் கருவி கிடையாது, படம் மட்டும்.

சூரமங்கலம், 8.2.2025

சந்திரா தரவு எல்லாருக்கும் திறந்திருக்கு. அதை ஒன்றரை ஆர்க் செகண்டுக்கு மங்கலாக்கிப் பாத்து நானே முடிவு பண்றேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க.

கஞ்சமலை, 8.2.2025

சந்திரா தரவுக்கான சிஐஏஓ மென்பொருள் இலவசம், லினக்ஸ்லயும் மேக்லயும் ஓடும். தரவை இறக்கி முதல்ல மறு-பதப்படுத்தும் கட்டளையை ஓட்டுங்க, பழைய அளவுத்திருத்தத்துல வேலை பாக்காதீங்க. 0.5-லிருந்து 7 கேஇவி வரைக்கும் மட்டும் வடிகட்டுங்க. பிக்சலைக் கால் பங்கா பிரிச்சுப் படம் போடுங்க, 0.123 ஆர்க் செகண்ட் ஒரு கட்டம்.

மங்கலாக்க 1.5 போடாதீங்க. சந்திராவோட சொந்த 0.5 ஏற்கெனவே உள்ளே இருக்கு. வர்க்கத்துல கழிக்கணும்: 2.25-லிருந்து 0.25, வர்க்கமூலம் 1.41. காசியன் சிக்மாவுக்கு 2.355-ஆல் வகுங்க, 0.60 ஆர்க் செகண்ட், கிட்டத்தட்ட 5 கட்டம்.

அஸ்தம்பட்டி, 9.2.2025

மங்கலாக்கினால் மட்டும் ஆக்சிஸ் ஆகாது. போட்டான் எண்ணிக்கையையும் ஐந்தாறு மடங்கு கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூரமங்கலம் தனக்குச் சாதகமான தீர்ப்பை முன்கூட்டியே எழுதியது போலாகும். ஒரே பொருளைப் பார்த்த பல பதிவுகளை ஒன்றாக அடுக்கலாம்.

கஞ்சமலை, 9.2.2025

அடுக்கலாம், 1987ஏ-வைத் தவிர. அந்த வளையம் வருஷத்துக்கு வருஷம் விரியுது, வெளிச்சமும் மாறுது. 2000-த்தையும் 2015-ஐயும் சேர்த்தா ரெண்டுக்கும் பொருந்தாத ஒரு வளையம் வரும். ஒரே வருஷத்துப் பதிவுகளா எடுங்க, இல்லைன்னா தென் ஆழ்புலத்தை எடுங்க. அதுல மையத்துல ரெண்டு ஆர்க் மினிட்டை மட்டும் வெட்டிக்கணும், ஓரத்தையும் சேர்த்து மங்கலாக்கினா அங்கே சந்திராவோட சொந்த மங்கலே ஒன்றரையைத் தாண்டியிருக்கும்.